பெர்கின்ஸ் பிரெயிலர்: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு தந்தையின் மதிப்புரை

பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் புடைத்த புள்ளி எழுத்துதான் பிரெயில். அதைச் சட்டமும் ஊசியும் கொண்ட பிரெயில் சிலேட்டில் எழுதும்போது, 'அம்மா' என்ற சொல்லுக்குப் பார்வையற்ற என் மகள் 11 முறை குத்த வேண்டியிருந்தது. அகரத்துக்கு ஒரு குத்து, அடுத்து வருவது மெய்யெழுத்து என்று அறிவிக்க ஒரு குத்து, இரண்டு மகரங்களுக்கு மும்மூன்று, ஆகாரத்துக்கு மூன்று. அதையும் வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதைப் போலத் திருப்பிக் குத்த வேண்டும். ஏனெனில் ஊசி தாளின் பின்புறத்திலிருந்து இறங்குகிறது, புள்ளி மறுபுறத்தில் எழும்புகிறது. எழுதியது சரியா என்று பார்க்க வேண்டுமானால் தாளைச் சட்டத்திலிருந்து கழற்றித் திருப்பி, விரலால் தடவிப் பார்த்து, மீண்டும் அதே இடத்தில் பொருத்த வேண்டும். ஏழு வயதுக் குழந்தை இதை எத்தனை முறை செய்யும்? என் மகள் இரண்டாம் வகுப்பின் பாதியில் 'எனக்குக் கை வலிக்குது' என்று சொல்லி எழுதுவதையே விட்டுவிட்டாள். அதன் பிறகுதான், விசைகளை அழுத்திப் பிரெயில் எழுதும் பொறியான பெர்கின்ஸ் பிரெயிலரை வாங்கினோம். அதில் 'அம்மா'வுக்கு ஐந்து அழுத்தங்கள் போதும். எழுதிய உடனே, தாள் இயந்திரத்தில் இருக்கும்போதே, விரலை நகர்த்திப் படித்துக்கொள்ளலாம்.

இந்தக் கருவியைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதப்பட்ட ஒன்றை வாங்கும் முன் தேடினேன், எனக்குக் கிடைக்கவில்லை. பார்வையற்ற குழந்தையை வீட்டில் வளர்க்கும் வேறொரு பெற்றோர் அதே தேடலில் இருக்கக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன். நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவன். சிறப்புக் கல்வியில் பட்டம் பெற்றவன் அல்லன். மூன்று ஆண்டுகள் இந்த இயந்திரத்தோடு ஒரே மேசையில் உட்கார்ந்ததும், புள்ளிகளைக் கண்ணால் படிக்கக் கற்றுக்கொண்டதும் மட்டுமே என் தகுதி.

பார்ப்பதற்குப் பழைய தட்டச்சுப் பொறியின் தம்பியைப் போல இருக்கும். ஒவ்வொரு பிரெயில் எழுத்தும் ஆறு புள்ளிகளுக்கு இடமுள்ள ஒரு கட்டம்; அந்தப் புள்ளிகளுக்கு 1 முதல் 6 வரை எண் உண்டு. பொறியில் மொத்தம் ஒன்பது விசைகள். நடுவில் இடைவெளி விசை. அதன் இடப்பக்கம் 1, 2, 3 என்ற புள்ளிகளுக்கான மூன்று விசைகள், வலப்பக்கம் 4, 5, 6 என்ற புள்ளிகளுக்கான மூன்று விசைகள். இடக்கோடியில் அடுத்த வரிக்குச் செல்லும் விசை. வலக்கோடியில் ஓர் இடம் பின்னால் வருவதற்கான விசை. ஓர் எழுத்துக்குரிய புள்ளிகளை எல்லாம் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும், வீணையில் இரண்டு மூன்று தந்திகளைச் சேர்த்து மீட்டுவதைப் போல. ஒரு வரியில் 42 கட்டங்கள், ஒரு தாளில் 25 வரிகள் கொள்ளும். வரி முடியச் சில கட்டங்களே இருக்கும்போது உள்ளிருந்து ஒரு மணி 'டிங்' என்று ஒலிக்கும். என் மகளுக்கு இயந்திரத்தில் முதலில் பிடித்தது அந்த மணிதான். முதல் வாரம் முழுவதும் எதையும் எழுதாமல், மணி அடிப்பதற்காகவே இடைவெளி விசையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

மின்சாரம் வேண்டாம், மின்கலம் வேண்டாம். வெளியுறையும் உள்ளுறுப்புகளும் பெரும்பாலும் உலோகம். ஏறக்குறைய ஐந்து கிலோ எடை. இதன் வடிவமைப்பு 1951 முதல் பெரிய மாற்றமின்றி வந்துகொண்டிருக்கிறது என்பதை அறிந்தபோது எனக்குச் சற்று ஐயம் எழுந்தது. எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய பொருளுக்கு இன்று ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். இப்போது அந்த ஐயம் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. ஹெலன் கெல்லர் பயின்றதும், அவருடைய ஆசிரியை ஆன் சலிவன் பயின்றதும் இந்தப் பள்ளியில்தான். அங்கே மரவேலை கற்பித்த டேவிட் ஆபிரகாம் என்பவரிடம், அப்போது இருந்த பிரெயில் பொறிகள் அடிக்கடி பழுதாகின்றன, நீடித்து உழைக்கும் ஒன்றைச் செய்து தர முடியுமா என்று பள்ளியின் இயக்குநர் கேப்ரியல் ஃபாரல் கேட்டார். ஆபிரகாம் வடிவமைத்த பொறியின் உற்பத்தி இரண்டாம் உலகப் போரினால் தள்ளிப்போய், 1951-இல் விற்பனைக்கு வந்தது. குழந்தைகளின் கை அறிந்த ஓர் ஆசிரியர் வடிவமைத்தது என்பது விசைகளில் விரல் வைத்தவுடனே தெரிகிறது.

அதே 1951-ஆம் ஆண்டில்தான் தமிழ்ப் பிரெயிலும் இன்றைய வடிவத்தை எட்டியது. இது தற்செயலான ஒற்றுமைதான் என்றாலும், எங்கள் மேசைமேல் இரண்டும் சேர்ந்திருப்பதால் சொல்கிறேன். அதற்கு முன் இந்தியாவில் ஒன்றுக்கொன்று பொருந்தாத பல பிரெயில் முறைகள் புழக்கத்தில் இருந்தன. ஒரு பள்ளியில் படித்த குழந்தையால் வேறொரு பள்ளியின் புத்தகத்தைப் படிக்க முடியாத நிலை. 1949-இல் இந்திய அரசு இதைத் தீர்க்க உதவுமாறு யுனெஸ்கோவுக்கு எழுதியது. முதலாம் உலகப் போரில் கலிபோலியில் பார்வையை இழந்த நியூசிலாந்துக்காரரான சர் கிளூதா மெக்கன்சி அந்தப் பணியில் யுனெஸ்கோவின் ஆலோசகராக இருந்தார். 1950-இல் பாரிஸிலும், 1951-இல் பெய்ரூட்டிலும் கூட்டங்கள் நடந்தன. உலகின் எந்த மொழியாயினும், ஒத்த ஒலிக்கு இயன்றவரை ஒரே புள்ளிகள் என்ற கொள்கை அங்கே உறுதியானது. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் அந்த அடிப்படையில் அமைந்தது. ஆகவே தமிழ்க் ககரமும் ஆங்கிலத்தின் 'கே' எழுத்தும் ஒரே 1-3 புள்ளிகள். மகரமும் 'எம்' எழுத்தும் ஒரே 1-3-4. லகரமும் 'எல்' எழுத்தும் ஒரே 1-2-3. என் மகள் மூன்றாம் வகுப்பில் ஆங்கிலப் பிரெயில் தொடங்கியபோது, பாதி எழுத்துகள் முன்பே தெரிந்தவையாக இருந்தன. குழந்தைகளின் உரிமைக்காகப் பன்னாட்டு அரங்கில் பேசுவதால் என்ன கிடைக்கிறது என்று யாரேனும் கேட்டால், நான் முதலில் காட்டுவது இந்த 1-3 புள்ளிகளைத்தான்.

தமிழை இந்த இயந்திரத்தில் எழுதுவது எப்படி என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வாங்க நினைப்பவர்களுக்கு எழும் முதற்கேள்வி அதுவே. தமிழுக்கென்று தனி இயந்திரம் தேவையில்லை. ஆறு புள்ளிகள் எல்லா மொழிக்கும் பொது. அச்சில் 'கொ' என்று எழுதும்போது ககரத்தின் இருபுறமும் குறிகள் வந்து சூழ்கின்றன. பிரெயிலில் க, அதன்பின் ஒ, அவ்வளவுதான். கொம்பு, கால், சுழி எதுவும் இல்லை. உகர, ஊகார வடிவங்களுக்காகக் கண்ணுள்ள குழந்தைகள் ஒன்றாம் வகுப்பில் படும் பாடும் இல்லை. மாறாக, நாம் எழுத்தின் தலையில் வைக்கும் புள்ளியைப் பிரெயிலில் எழுத்துக்கு முன்பே வைத்துவிட வேண்டும்: 4-ஆம் புள்ளி வந்தால் அடுத்து வருவது மெய். எனக்கு இது பழக இரண்டு மாதம் ஆயிற்று. என் மகளோ, நாம் எழுதிய பிறகு புள்ளி வைக்கிறோம் என்பதைக் கேட்டுச் சிரித்தாள். "அப்போ படிச்சு முடிச்ச பிறகுதான் அது மெய்யெழுத்துன்னு உங்களுக்குத் தெரியுமா அப்பா?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது லகரமும் ளகரமும். லகரத்துக்கு 1-2-3, அதாவது இடக்கையின் மூன்று விரல்களும். ளகரத்துக்கு 4-5-6, அதாவது வலக்கையின் மூன்று விரல்களும். 'பல்லி' என்று எழுதினால் நடுவில் இடக்கை முழுவதும் இரண்டு முறை இறங்கும். 'பள்ளி' என்று எழுதினால் வலக்கை இறங்கும். நாக்கில் தடுமாறும் வேறுபாடு கையில் தடுமாறுவதில்லை. நகரத்துக்கும் னகரத்துக்கும் ஒற்றுமையே கிடையாது: முன்னது 1-3-4-5, பின்னது வெறும் 5-6. நாள்தோறும் பெரியவர்கள் எழுதும் படிகளில் பள்ளிகள் பல்லிகளாகத் திரிவதைத் திருத்திச் சம்பளம் வாங்கும் எனக்கு, இரண்டையும் இரண்டு கைகளாக அறிந்த குழந்தை வீட்டில் இருப்பது பெருமைதான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இயந்திரம் வீட்டுக்கு வந்த அன்று என் மைத்துனர், "இப்பதான் போனே எல்லாத்தையும் படிச்சுச் சொல்லுதே மச்சான், இந்த இரும்புப் பெட்டி எதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. திரையைப் படித்துச் சொல்லும் செயலிகள் இன்று தமிழிலும் பேசுகின்றன. என் மகளும் அவற்றைக் கேட்கிறாள். ஆனால் கேட்பது படிப்பதாகாது. செயலி 'மனம்' என்று உச்சரிக்கும்போது அது மனமா மணமா என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? 'அறம்', 'அரம்' இரண்டும் பல செயலிகளின் குரலில் ஒன்றாகவே விழுகின்றன. செவிவழி மட்டுமே கற்ற ஒரு கல்லூரி மாணவர் எங்கள் அச்சகத்துக்கு ஒரு கட்டுரையை அனுப்பியிருந்தார். சிந்தனை கூர்மையானது, சொல்லாட்சி அழகானது, ஆனால் ர, ற எழுத்துகளும் ந, ன, ண எழுத்துகளும் வைத்த இடத்தில் நிற்கவில்லை. அது அவர் குற்றமன்று. எழுத்து என்பதை விரலால் அறியும் வாய்ப்பை அவருக்கு யாரும் சிறுவயதில் கொடுக்கவில்லை. பிரெயில் வழக்கொழிந்துவிட்டது என்போர் தமிழைப் பார்வையின்றி எழுதிப் பார்த்தவர்கள் அல்லர் என்பது என் துணிபு.

2006 டிசம்பர் 13 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு கல்வியைப் பற்றியது. அதில் பிரெயில் கற்பதற்கு வழிசெய்ய வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. பிரெயில் அறிந்த ஆசிரியர்களை, மாற்றுத்திறனாளி ஆசிரியர்கள் உட்பட, பணியமர்த்த வேண்டும் என்றும் இருக்கிறது. இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று இதை ஏற்புறுதி செய்தது. 'எங்களை விலக்கி எங்களைப் பற்றி முடிவெடுக்காதீர்கள்' என்ற முழக்கத்தோடு மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகளே பேச்சு மேசையில் உட்கார்ந்து எழுதச் செய்த ஆவணம் அது. உலகப் பார்வையற்றோர் ஒன்றியமும், 1952-இல் நெதர்லாந்தின் புசும் நகரில் தொடங்கி இன்று பார்வைக் குறைபாடுள்ளோர் கல்விக்கான பன்னாட்டுக் குழுவாக வளர்ந்திருக்கும் அமைப்பும், அனைவருக்கும் கல்வி என்பதில் பார்வையற்ற குழந்தைகள் விடுபடக் கூடாது என்று 2006-இல் கூட்டாக ஓர் இயக்கம் தொடங்கின. அந்தக் குழுவின் உயர்பொறுப்புகளில் கோவையைச் சேர்ந்த எம்.என்.ஜி. மணி நெடுங்காலம் இருந்தார் என்பது நம் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திராது.

இந்த உடன்படிக்கை சொல்லும் உரிமை எங்களுக்கு ஒரு நாள் உண்மையாகவே தேவைப்பட்டது. அது இயந்திரத்தின் முதற்குறையோடு தொடர்புடையது.

குறை, ஓசை. ஒவ்வோர் அழுத்தத்துக்கும் 'டக்' என்ற அழுத்தமான ஒலி எழும், வேகமாக எழுதும்போது தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதைப் போல இருக்கும், இடையிடையே மணி. வீட்டில் அது இனிமை. நாற்பது குழந்தைகள் இருக்கும் வகுப்பறையில் அப்படி இல்லை. என் மகள் படிப்பது வழக்கமான பள்ளி, அவள் மூன்றாம் வகுப்புக்குச் சென்றபோது வகுப்பாசிரியை என்னை அழைத்து, "சார், பாடம் நடத்தும்போது இந்தச் சத்தம் மத்த பிள்ளைங்களுக்கு இடைஞ்சலா இருக்கு. எழுதுற நேரம் மட்டும் வராண்டாவுல உட்காரட்டுமே" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, அவர் குரலில் தயக்கம் இருந்தது. மூன்று வாரங்கள் என் மகள் வராண்டாவில் உட்கார்ந்து எழுதினாள். கரும்பலகையில் எழுதுவதை ஆசிரியை வாய்விட்டுச் சொன்னால்தான் அவளுக்குப் பாடம். வராண்டாவில் அது பாதிதான் காதில் விழுந்தது. வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் வகுப்புக்கு வெளியே உட்காரவைத்தார்கள்.

24-ஆம் பிரிவை எழுதியபோதும் இதே முடிச்சில்தான் வாதம் நடந்தது. எல்லாக் குழந்தைகளும் ஒரே பள்ளியில் என்று ஒரு தரப்பு. பார்வையற்ற, காதுகேளாத, இரண்டும் இழந்த குழந்தைகளுக்குத் தம் மொழியும் எழுத்தும் புழங்கும் இடமும் வேண்டும், வெறுமனே பொதுவகுப்பில் உட்காரவைப்பது கல்வியாகாது என்று அவர்களுடைய அமைப்புகள் மறுதரப்பு. அதன் விளைவாகத்தான், கல்வி வளர்ச்சியும் சமூக வளர்ச்சியும் மிகுதியாகக் கிட்டக்கூடிய சூழலில் கற்பிக்க வேண்டும் என்ற சொற்கள் அதில் சேர்ந்தன. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவும், 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. இந்த வாதத்தில் நான் யார் பக்கம் என்று இன்றும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். சிறப்புப் பள்ளியில் இருபது பிரெயிலர்கள் ஒன்றாக முழங்கினாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் அங்கே விடுதியில் விட வேண்டும், எங்களால் முடியவில்லை.

வராண்டாவிலிருந்து அவளை உள்ளே கொண்டுவந்தது சட்டமா கம்பளியா என்றால், இரண்டும் கொஞ்சம் என்பேன். வாரம் இருமுறை வரும் சிறப்புப் பயிற்றுநர் தலைமையாசிரியரிடம் 31-ஆம் பிரிவை எடுத்துச் சொன்னார். நான் பழைய கம்பளிப் போர்வையை நான்காக மடித்துத் தைத்து இயந்திரத்தின் அடியில் விரித்தேன். மரமேசை ஓசையைப் பெருக்குகிறது; கம்பளி அதை விழுங்குகிறது. மேசையைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டோம். ஆசிரியை ஒரு வாக்கியம் சொல்லி, அவள் எழுதி முடிக்கும் வரை நிறுத்தி, அடுத்ததைச் சொல்லத் தொடங்கினார். அந்த நிறுத்தம் மற்ற குழந்தைகளுக்கும் எழுத நேரம் கொடுக்கிறது என்று பிறகு அவரே சொன்னார். பள்ளியில் பயன்படுத்தப் போகிறவர்கள் இயந்திரத்தோடு கம்பளியையும் முதல் நாளே அனுப்பிவிடுங்கள். இதே நிறுவனம் எடையையும் ஓசையையும் குறைத்து 2008-இல் ஒரு புதிய வடிவத்தையும் வெளியிட்டது. நான் அதைப் பயன்படுத்தியதில்லை.

இரண்டாவது குறை எடை. ஐந்து கிலோவைப் பத்து வயதுக் குழந்தை பள்ளிக்குச் சுமக்க முடியாது. நான் காலையில் வண்டியில் கொண்டுபோய் வைத்து மாலையில் எடுத்துவருகிறேன். வசதி இருந்தால் வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று என்பதே சரி. வசதி என்ற சொல்லை எழுதும்போதே எனக்குக் கை தயங்குகிறது, ஏனெனில் ஒன்றை வாங்கவே நாங்கள் சீட்டுப் பணத்தை எடுத்தோம். ஒரு மடிக்கணினிக்குக் கொடுக்கும் அளவுக்குப் பணம் ஆகும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒரு சிறப்புத் தேவைக் குழந்தைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் என்ற கணக்கு இருக்கிறது. சிலேட்டு, ஊசி, தாள், போக்குவரத்து எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும், பிரெயிலர் அடங்காது. உதவி உபகரணங்கள் வழங்கும் வேறு திட்டங்களும் உண்டு. விண்ணப்பித்து ஒரு கல்வியாண்டு முழுவதும் காத்திருந்தோம், பிறகு பொறுமை தீர்ந்தது. மற்றவர்கள் முதலில் விண்ணப்பித்துவிட்டுப் பிறகு கையிலிருப்பதை எண்ணுமாறு பரிந்துரைக்கிறேன். சிலருக்கு விரைவாகக் கிடைத்ததாகவும் கேட்டிருக்கிறேன்.

நாங்கள் வேலூர்க்காரர்கள் என்பதால் இந்த இயந்திரத்தின்மீது எங்களுக்கு ஒரு தனி உரிமையும் உண்டு. பெயர் அமெரிக்கப் பெயராயினும், பெர்கின்ஸ் பிரெயிலர்கள் காட்பாடியில் வொர்த் டிரஸ்ட் என்ற அமைப்பின் தொழிற்கூடத்தில் தயாராகின்றன. தொழுநோயிலிருந்து மீண்டவர்களின் மறுவாழ்வுக்காக 1963-இல் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் முயற்சியால் தொடங்கியது அந்த அமைப்பு. இன்று அங்கே மாற்றுத்திறனாளிகள் பெருமளவில் பணியாற்றுகிறார்கள். நூற்றுக்கணக்கான சிறு உறுப்புகளைக் கையால் பொருத்திச் சரிபார்க்கும் வேலை அது. உலகெங்கும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தப் பொறிகள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. ரயில் காட்பாடிச் சந்திப்பில் நிற்கும்போதெல்லாம் என் மகள், "இங்கதானே என் மெஷினோட ஊர்?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்கும்படி சொல்வாள்.

பராமரிப்பு எளிது, ஆனால் அறியாமைக்கு இடமில்லை. முதல் மாதத்தில் நான் ஒரு தவறு செய்தேன். தாளைப் பிடித்திருக்கும் நெம்புகோல்களைத் தளர்த்தாமல், அவசரத்தில் தாளை இழுத்துவிட்டேன். தாள் கிழிந்து ஒரு துணுக்கு உள்ளே சிக்கியது, புள்ளிகளைக் குத்தும் தலைப்பகுதி நகர மறுத்தது. பழுதுபார்ப்பவர் திறந்து துணுக்கை எடுத்துத் தூசியைத் துடைத்துத் தந்தார். "எண்ணெய் விட்டுடாதீங்க சார், தூசி ஒட்டிக்கும்" என்பது அவருடைய ஒரே அறிவுரை. பயன்படுத்தாதபோது உறையால் மூடி வைக்க வேண்டும், தூக்கும்போது கைப்பிடியைப் பிடித்தே தூக்க வேண்டும், நகரும் தலைப்பகுதியை வலிந்து தள்ளக் கூடாது. இவற்றைப் பின்பற்றினால் வேறு தொல்லை இல்லை. அதன் பின் இன்றுவரை ஒருமுறைகூடப் பழுதாகவில்லை.

தாள் செலவு தொடர்ந்து வரும். சாதாரண வெள்ளைத் தாளில் புள்ளி நிற்காது; இரண்டு முறை தடவினாலே அமுங்கிவிடும். பிரெயிலுக்கென விற்கும் தடித்த தாள் நல்லது. பயிற்சிக்கு நாங்கள் பழைய மாதக் காலண்டர் தாள்களையும், அச்சகத்தில் மிஞ்சும் அட்டைப்படத் தாள்களையும் பயன்படுத்துகிறோம். இயந்திரம் ஏற்கும் அகலத்துக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். என் மகளின் நான்காம் வகுப்புக் கட்டுரைகள் பலவற்றின் பின்புறம் முருகனும் நகைக்கடை விளம்பரங்களும் இருக்கின்றன.

கணக்குக்கு இந்தப் பொறி எதிர்பார்த்ததைவிட நன்றாக உதவுகிறது. கூட்டல், கழித்தலை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, குமிழைத் திருகித் தாளை மேலே ஏற்றிக் கடன் வாங்கிய எண்ணைச் சரிபார்த்து, மீண்டும் இறக்கி விடையை எழுதலாம். பார்வையற்றோர் கணக்குப் போடப் பயன்படுத்தும் டெய்லர் சட்டத்தில் ஈய எண்களை அடுக்கும்போது கை பட்டுக் கவிழ்ந்துவிடும் துன்பம் இதில் இல்லை. நீண்ட வகுத்தலுக்குச் சட்டமே மேல் என்று பயிற்றுநர் சொல்கிறார். அவர் சொல்வதை ஏற்கிறேன்.

பிரெயிலர் செய்யாதது ஒன்று உண்டு: அது புத்தகம் தராது. எழுதும் கருவி வந்துவிட்ட பிறகு படிக்க என்ன இருக்கிறது என்ற கேள்வி அடுத்த மாதமே எழுந்தது. அச்சுப் புத்தகங்களைப் பதிப்புரிமைத் தடையின்றிப் பிரெயிலாகவும் ஒலியாகவும் மாற்றவும், நாடுகளுக்கிடையே பகிரவும் வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013 ஜூன் 27 அன்று நிறைவேறியது. அதை முதன்முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. 2016-இல் தொடங்கப்பட்ட சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் பதிவுசெய்த பார்வையற்றவர்கள் நூல்களைப் பெறலாம். சட்டத் தடை நீங்கிவிட்டது என்பதற்காகத் தமிழ்ச் சிறுவர் கதைகள் தாமாகப் புள்ளிகளாகிவிடாது. யாரேனும் தட்டச்சிட வேண்டும், மெய்ப்புப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒரு கதையை வாய்விட்டுப் படிக்க, என் மகளே பிரெயிலரில் எழுதித் தனக்கான நூலைச் செய்துகொள்கிறாள். இதுவரை ஏழு கதைகள் ஆகியிருக்கின்றன. அச்சில் எட்டுப் பக்கம் வரும் கதை இங்கே தடித்த கட்டாக அலமாரியில் இடம் பிடிக்கிறது.

மின்னணுப் பிரெயில் கருவிகளோடு ஒப்பிடச் சிலர் கேட்பார்கள். ஆர்பிட் ரீடர் 20 போன்றவை கையடக்கமானவை, ஓசை குறைந்தவை, பல நூல்களைச் சிறு அட்டையில் சேமிப்பவை. ஆனால் அதில் ஒரே வரி, 20 கட்டங்கள். பக்கம் என்ற ஒன்று கிடையாது. தலைப்பு எங்கே, பத்தி எங்கே தொடங்குகிறது, கவிதையின் வரி எங்கே மடங்குகிறது என்பதை முழுத்தாளில் கையை ஓட்டித்தான் குழந்தை உணர முடியும். திருக்குறளை முதன்முதலில் எழுதியபோது, இரண்டாவது அடி குட்டையாக இருப்பதைத் தடவிப் பார்த்து, "இது ஏன் பாதியில நின்னுடுச்சு?" என்று கேட்டாள். எத்தனையோ முறை காதால் கேட்ட குறள்தான். மூன்று சீர் என்பதை அன்றுதான் அறிந்தாள். பத்து, பன்னிரண்டு வயது வரை பிரெயிலர், அதன்பின் மின்னணுக் கருவியைச் சேர்த்துக்கொள்வது என்பது என் எண்ணம்.

வாங்குவோருக்கு இன்னும் இரண்டு குறிப்புகள். உறையும், தவறான புள்ளியை அமுக்கி அழிக்கும் மரக்குச்சியும் கணக்கில் சேர்ந்திருக்கின்றனவா என்று கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு விற்றவர் குச்சியை மறந்துவிட்டார், ஐஸ் குச்சியைத் தேய்த்துப் பயன்படுத்திவருகிறோம். இரண்டாவது, வீட்டில் கண்ணுள்ள ஒருவரேனும் புள்ளிகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை எழுதியதை வீட்டில் யாராலும் படிக்க முடியாவிட்டால், அவள் யாருக்காக எழுதுவாள்? நான் கற்றுக்கொண்ட மாதத்திலேயே அவளுடைய நாட்குறிப்பில் என் சமையலைப் பற்றி ஒரு வரி கண்டேன். அதில் எழுத்துப்பிழை ஏதும் இல்லை.